மாடி ஹாலில் ஒரு அறை தடுக்க இரண்டு முறை கட்டினோம்: சாய்வாகச் சேரும் தடுப்புச் சுவரில் எங்கே தப்பு நடக்கிறது

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடி ஹாலில் ஒரு அறை தடுத்தோம். நவம்பர் நடுவில் தொடங்கிய வேலை. நான்கு நாளில் முடித்துவிடுவோம் என்றார்கள், அதேபோல முடித்தும் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் மூலையில் விரிசல் விட்டது. ஜனவரியில் பாதிக்கு மேல் பிரித்து மறுபடி கட்டினோம். முதல் முறை சதுர அடிக்கு 110 ரூபாய் வீதம் 190 சதுர அடிக்கு 20,900 ரூபாய் கொடுத்திருந்தேன். இரண்டாம் முறைக்குத் தனியாக 14,600 ரூபாயும் 12 நாளும் போனது. பணத்தைக்கூட விடுங்கள். அந்த அறையே பிளஸ் டூ படிக்கும் மகளுக்காகத்தான். திருப்புதல் தேர்வு நடக்கிற நேரத்தில் மேலே மிஷின் சத்தம், படிக்கட்டு முழுக்க வெள்ளைத் தூசி. அவள் கீழே பாட்டியின் கட்டிலில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு படித்ததைப் பார்க்கும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று அப்போது நினைத்தேன். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் சுவர் ஏன் சாய்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஹாலின் ஒரு மூலையில் 12 அடிக்கு 10 அடி அறை வேண்டும். நேராகச் சதுரமாகத் தடுத்தால் அறையின் வெளிமூலை படிக்கட்டிலிருந்து பாத்ரூமுக்குப் போகும் நடையில் முட்டும். பீரோ ஏற்றக்கூட இடம் இருக்காது. அதனால் அந்த வெளிமூலையை வெட்டிவிட்டு, குறுக்கே சாய்வாக ஒரு சின்னச் சுவர் வைத்து அதிலேயே கதவும் வைப்பது என்று முடிவு. ஆக மூன்று சுவர்: இரண்டு நீளச் சுவர், நடுவில் ஒரு சாய்சுவர், 135 டிகிரியில் இரண்டு மூலை (நேர்கோட்டிலிருந்து 45 டிகிரி திரும்பினால் அறைக்குள் 135 டிகிரி வரும்). யோசனை நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 90 டிகிரி மூலைக்குக் கை பழகினவர்கள் அதே பழக்கத்தில் 135 டிகிரி மூலையைத் தொட்டால் கெட்டுப்போகும். வந்த குழு ஃபால்ஸ் சீலிங் வேலையில் தேர்ந்தவர்கள். “45 டிகிரிதானே சார், தினமும் பண்றதுதான்” என்றார் மேஸ்திரி. நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

பொருளில் குறை இல்லை. தரையிலும் கூரையிலும் அடிக்கும் 50 மில்லி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) ஃப்ளோர் சேனல், அதற்குள் 2 அடிக்கு ஒரு ஸ்டட் (செங்குத்தாக நிற்கும் சட்டம்), இரண்டு பக்கமும் 12.5 மில்லி ஜிப்சம் போர்டு. மொத்தச் சுவர் கனம் 75 மில்லி, நம் கணக்கில் 3 அங்குலம். குறை எல்லாம் மூலையில்தான் இருந்தது, பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சேனல்களின் முனையை நேராக வெட்டி அப்படியே ஒன்றோடொன்று முட்ட வைத்திருந்தார்கள். நேராக வெட்டிய இரண்டு முனை 135 டிகிரியில் சந்தித்தால் அறைப் பக்கம் ஒட்டும், நடைப் பக்கம் ஆப்பு வடிவத்தில் வாய் பிளக்கும். 50 மில்லி சேனலுக்கு அந்தப் பிளவு 38 மில்லி, அதாவது ஒன்றரை அங்குலம். அந்த ஒன்றரை அங்குலத்துக்குப் பின்னால் ஸ்டட்டும் இல்லை, தகடும் இல்லை. இரண்டு பக்கத்துப் போர்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் பி.ஓ.பி.யை (பிளாஸ்டர் மாவு) அப்பி, அதன்மேல் 90 டிகிரிக்கென்று வரும் கார்னர் பீடை (மூலையில் பதிக்கும் பட்டை) தட்டி விரித்து ஒட்டி, பெயின்ட் அடித்திருந்தார்கள். பக்கத்திலேயே கதவு. ஒவ்வொரு முறை கதவு சாத்தும்போதும் அந்த மூலைக்கு ஒரு அதிர்வு. மூன்று வாரம் தாங்கியதே பெரிது.

இன்னொரு தப்பு எனக்கு மறுபடி கட்டும்வரை புரியவில்லை. சாய்சுவருக்காக இரண்டு நீளச் சுவரின் கோட்டிலும் மூலையிலிருந்து இரண்டரை அடி பின்னால் அளந்து குறித்திருந்தார்கள். ஒரு பக்கம் சேனலின் வெளி விளிம்பிலிருந்து டேப்பைப் பிடித்தார்கள், மறு பக்கம் உள் விளிம்பிலிருந்து. சேனலின் அகலமான 2 அங்குலம் அங்கே காணாமல் போனது. மூலையிலிருந்து ஒரு பக்கத் தூரம் 30 அங்குலம், மறு பக்கம் 28 அங்குலம். அதனால் ஒரு மூலை 133 டிகிரி, மற்றது 137. இரண்டு மூலையும் சேர்ந்து மொத்தம் 90 டிகிரி திரும்பியாக வேண்டும். ஒன்று கூடுதலாகத் திரும்பினால் மற்றது அந்த அளவுக்குக் குறைவாகத்தான் திரும்பும். கண்ணுக்கு உடனே தெரியாது, ஆனால் 45 டிகிரித் திருப்பத்தில் பாதி, 22½ டிகிரி என்று கணக்குப் போட்டு வெட்டின எதுவும் இரண்டு மூலையிலும் உட்காராது.

மூன்றாவது தப்பு என்னுடையது. கதவு நிலையை நானே தச்சரிடம் சொல்லிச் செய்தேன், வெளி அகலம் 34 அங்குலம். நடையில் நின்று சாய்சுவரை அளந்தேன், 41 அங்குலம் இருந்தது. நிலை போக ஒரு பக்கத்துக்கு 3½ அங்குலம், நிலையைச் சுற்றி 3 அங்குலப் பட்டி அடிக்கத் தாராளம் என்று நினைத்தேன். அறைக்குள் போய் அதே சுவரை அளந்தால் 38½ அங்குலம்தான். ஒரு பக்கத்துக்கு 2¼ அங்குலம். பட்டி உட்காரவில்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்: சாய்ந்து சேரும் சுவருக்கு ஒரே நீளம் கிடையாது. 135 டிகிரி மூலையில் வெளி முகத்துக்கும் உள் முகத்துக்கும் உள்ள வித்தியாசம் சுவர் கனத்தை 0.414 ஆல் பெருக்கினால் வரும். 75 மில்லி சுவருக்கு ஒரு மூலைக்கு 31 மில்லி. சாய்சுவருக்கு இரண்டு முனையிலும் மூலை, ஆக 62 மில்லி, ஏறக்குறைய 2½ அங்குலம். தடுப்பின் அளவை யாரிடம் சொன்னாலும் எந்த முகத்தின் அளவு என்று சேர்த்துச் சொல்லுங்கள். கதவு நிலை என்றால் குட்டையான முகத்தைத்தான் அளக்க வேண்டும்.

பழைய குழுவைக் கூப்பிட்டேன். வந்து விரிசலைக் கீறி மறுபடி பூசிவிட்டுப் போனார்கள். பத்தாவது நாள் அதே இடத்தில் அதே கோடு. அதற்குமேல் அவர்களைக் கூப்பிட மனம் வரவில்லை. காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வயதான ஆசாரி ஒருவரை உறவினர் அனுப்பி வைத்தார். ஜிப்சம் வேலை அவர் தொழில் இல்லை, மர வேலைக்காரர். மூலையை விரலால் தட்டிப் பார்த்தார், உள்ளே வெற்றொலி. “டிகிரியப் புடிச்சிட்டுத் தொங்காதீங்க சார். கோட்டப் போடுங்க, கோடு சேர்ற எடத்த மட்டும் பாருங்க” என்றார். அவர் சொல்லச் சொல்ல, ஜிப்சம் வேலை தெரிந்த இரண்டு பையன்கள் செய்தார்கள்.

முதல் நாள் முழுக்க ஒரு ஸ்க்ரூகூட அடிக்கவில்லை, தரையில் படம் வரைந்ததோடு சரி. எங்கள் ஊரில் பல வீடுகளில் இருப்பதுபோல எங்கள் மாடித் தரையும் பாலிஷ் போட்ட கிரானைட். அதில் நூல் அடித்தால் சுண்ணாம்பு நிற்காது, ஒரு ஆள் மிதித்தால் கோடு போய்விடும். அதனால் கோடு வருகிற இடமெல்லாம் 2 அங்குல மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன்மேல் பென்சிலால் வரைந்தோம். முதலில் ஹாலின் மூலை சதுரமா என்று 6, 8, 10 அடிக் கணக்கில் பார்த்தோம். ஒரு சுவரில் 6 அடி, மறு சுவரில் 8 அடி, குறுக்கே 10 அடி வர வேண்டும். எங்களுக்கு 3 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று) கூட வந்தது, இந்த நீளத்துக்குப் பரவாயில்லை. பிறகு ஒவ்வொரு சுவருக்கும் நான்கு கோடு: நடைப் பக்கப் போர்டு முகம், சேனலின் வெளி விளிம்பு, உள் விளிம்பு, அறைப் பக்கப் போர்டு முகம். இடைவெளி முறையே 12.5, 50, 12.5 மில்லி. அளவை எல்லாம் நடைப் பக்க முகத்திலிருந்தே எடுப்பது, வேறு எங்கிருந்தும் டேப் பிடிக்கக்கூடாது என்று ஆசாரி கறாராகச் சொன்னார். மூலையை வெட்டும் தூரத்தையும் இரண்டரை அடியிலிருந்து 3 அடியாகக் கூட்டினோம். நீளச் சுவர்கள் 9 அடியும் 7 அடியும் ஆயின, சாய்சுவர் நடைப் பக்கம் 4 அடி 2 அங்குலம் 7 நூல். அறைப் பக்கம் 4 அடிக்கு மேல் கொஞ்சம். கதவு நிலை போக உள்ளே ஒரு பக்கத்துக்கு 7 அங்குலம் கிடைத்தது. அதில் நிலைக்கு ஒரு ஸ்டட், மூலைக்கு ஒரு ஸ்டட், பட்டி மூன்றும் வசதியாக அடங்கின. சாய்சுவரில் கதவு வைக்கிறவர்கள் 30 அங்குலக் கதவுக்கே 3 அடிக்குக் குறைவாக மூலையை வெட்டாதீர்கள் என்பது என் கருத்து.

இனி விஷயமே இந்தக் கோடுகள் சேருமிடம்தான். நீளச் சுவரின் வெளிக் கோட்டையும் சாய்சுவரின் வெளிக் கோட்டையும் நீட்டினால் ஒரு புள்ளியில் வெட்டும். இரண்டின் உள் கோட்டையும் நீட்டினால் இன்னொரு புள்ளி. இந்த இரண்டு புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். அதுதான் வெட்டுக் கோடு. மூலை 135 ஆக இருந்தாலும் 133 ஆக இருந்தாலும், ஏன் ஒரு சுவர் கனமாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருந்தாலும்கூட, இந்தக் கோடு சரியாகவே வரும். கோணமானி வேண்டாம், பாதிக் கணக்கு வேண்டாம். சேனலைக் கோட்டின்மேல் வைத்து, வெட்டுக் கோடு இரண்டு விளிம்பையும் எங்கே கடக்கிறதோ அங்கே குறித்துத் தகடு வெட்டும் கத்திரியால் சாய்வாக வெட்டினால் முடிந்தது. கோணம் சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூலைப் புள்ளியிலிருந்து இரண்டு கோட்டிலும் 1 மீட்டர் குறியுங்கள். இரண்டு குறிக்கும் இடையே 135 டிகிரி என்றால் 184.8 செ.மீ., 120 டிகிரி என்றால் 173.2 செ.மீ. வரும். எங்கள் பழைய மூலைகளில் ஒன்று 183 சொச்சமும் மற்றது 186 உம் காட்டின. அப்போதுதான் அந்த 2 அங்குலத் தப்பே வெளியே வந்தது.

கிரானைட்டில் துளை போடுவது தனி வேலை. முதல் குழு ட்ரில்லை நேராக ஹேமரில் (இடித்துத் துளைக்கும் முறை) வைத்து அழுத்தியதில் ஒரு கல்லின் ஓரம் ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயர்ந்தது, இன்னும் அப்படியே இருக்கிறது. கல்லைத் தாண்டும்வரை ஹேமர் இல்லாமல், மெதுவான வேகத்தில், தண்ணீர் சொட்டவிட்டு, கல் வெட்டுகிற 6 மில்லி பிட்டால் போட வேண்டும். அப்படியும் கல் இணைப்பின் ஓரத்திலிருந்து 2 அங்குலமாவது தள்ளியே போடுங்கள். 2 அடிக்கு ஒரு துளை போதும், ஆனால் மூலையில் வெட்டுக் கோட்டிலிருந்து 3 அங்குலத்துக்குள் இரண்டு சேனலுக்கும் தலா ஒன்று கட்டாயம். மேலே கூரையில் துளைக்கும்போது ஃபேன் கொக்கியிலிருந்து சுவிட்ச் போர்டுக்குப் போகும் வயர் பைப்பின் பாதையை ஊகித்து விலகிப் போக வேண்டும்.

கூரையில் தனியாக அளந்து கோடு போடக்கூடாது. வீட்டுச் சுவர் மேலே அரை அங்குலம் சாய்ந்திருந்தாலும் மேல் மூலை கீழ் மூலைக்கு நேராக வராது. சாதாரணச் சுவரில் இது கண்ணில் படாமல் போய்விடும். சாய்மூலையில் மேலே ஒரு கோணமும் கீழே ஒரு கோணமுமாக முறுக்கிக்கொள்ளும், போர்டு எந்தப் பக்கமும் படியாது. தரையில் இருக்கும் நான்கு மூலைப் புள்ளிகளையும், அதாவது ஒவ்வொரு மூலையிலும் வெளிப் புள்ளி ஒன்று உள் புள்ளி ஒன்று, தூக்குக்குண்டை வைத்தே மேலே ஏற்றினோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, குண்டு ஆடி ஓயும்வரை காத்திருந்து குறிக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு ஐந்து நிமிடம் ஆனது. லேசர் மட்டம் இருந்தால் இன்னும் சுலபம்.

அடுத்தது மூலைக்கு முதுகு கொடுப்பது. ஒரு ஸ்டட்டை இரண்டு சுவருக்கும் பொதுவாக நிறுத்தி மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஒவ்வொரு சுவரின் முனையிலும் அதற்கென்று ஒரு ஸ்டட் வேண்டும். அப்படி நிறுத்தினாலும் ஸ்டட் சதுரமானது, சாய்வு வெட்டுக்குள் முழுதாக நுழையாது. உள் பக்கம் மூலையைத் தொடும், வெளிப் பக்கம் மூலைப் புள்ளியிலிருந்து 20 மில்லி பின்னாடி நிற்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போர்டுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. அதைத்தான் முதல் குழு பி.ஓ.பி.யால் மறைத்தார்கள். இதற்கு நாங்கள் செய்தது: 6 அங்குல அகல ஜி.ஐ. தகட்டை நடுவில் மடக்கி, ஒரு பக்கத்துக்கு 3 அங்குலம் வருமாறு, மூலை உயரம் முழுவதும் வெளிப் பக்கமாக இரண்டு ஸ்டட்டிலும் ஸ்க்ரூ அடித்தோம். தகடு 0.6 மில்லி போதும், கனம் கூடினால் போர்டு அங்கே மேடு தட்டும். மடக்குவதற்குத் தகரக் கடைக்குப் போனபோது 135 என்று வாயால் சொல்லவில்லை. பழைய காலண்டர் அட்டையைத் தரைக் கோட்டின்மேல் வைத்து வரைந்து வெட்டி, மூலைக்கு ஒன்றாக இரண்டு அட்டை, “படிக்கட்டு”, “ஜன்னல்” என்று எழுதி எடுத்துப் போனேன். கடைக்காரர் மடக்க மடக்க அட்டையை உள்ளே வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். 8 அடித் தகடுதான் இருந்தது, எங்கள் உயரம் 9½ அடி, அதனால் மேலே ஒரு துண்டு சேர்த்தோம். இரண்டு மூலைக்கும் சேர்த்து 900 ரூபாய். இந்த 900 ரூபாயை நவம்பரிலேயே செலவழித்திருந்தால் மீதி 13,700 ரூபாய் கையில் இருந்திருக்குமோ என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. மற்றச் செலவு: போர்டு 7க்கு 3,360, சேனல் 1,450, டேப்பும் இணைப்பில் பூசும் காம்பவுண்டும் ஸ்க்ரூவும் 2,290, கூலி இரண்டு பேருக்கு மூன்று நாள் 6,600.

மரச் சட்டத்தில் செய்கிறவர்களுக்கு இது சுலபம். 3க்கு 2 சட்டத்தின் ஒரு விளிம்பை ரம்பத்தைச் சாய்த்து அதே வெட்டுக் கோட்டின் சாய்வில் அறுத்துவிட்டால் இரண்டு சட்டமும் முகத்தோடு முகம் ஒட்டி நிற்கும், நடுவில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடலாம். கதவு நிலை நிற்கும் ஸ்டட்டுகளுக்குள் நாங்களும் மரக்கட்டை நுழைத்தோம். வெறும் ஜி.ஐ. ஸ்டட்டில் கதவைத் தொங்கவிட்டால் சாத்துகிற அதிர்ச்சி அப்படியே மூலைக்குப் போகும்.

போர்டு அடிக்கும்போது தரையிலிருந்து 10 மில்லி தூக்கி நிறுத்துங்கள். நம் வீடுகளில் தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம், தரையைத் தொட்ட ஜிப்சம் உறிஞ்சி உப்பிவிடும். சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் அந்த இடைவெளியை மறைத்துவிடும். மூலை ஓரத்தில் 8 அங்குலத்துக்கு ஒரு 25 மில்லி ஸ்க்ரூ, மற்ற இடத்தில் ஒரு அடிக்கு ஒன்று. ஸ்க்ரூத் தலை பேப்பரைக் கிழிக்காமல் மட்டும் உள்ளே போக வேண்டும். வெளி மூலையில் 90 டிகிரி கார்னர் பீட் வேண்டவே வேண்டாம். பேப்பர் டேப்பின் பின்னால் இரண்டு உலோகப் பட்டை ஒட்டியது சுருளாகக் கிடைக்கிறது, எந்தக் கோணத்துக்கும் மடங்கும். பட்டை இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்க வேண்டும். பலர் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். காம்பவுண்டை மூலையின் இரண்டு பக்கமும் தடவி, டேப்பை அழுத்தி, நடுவிலிருந்து வெளியே வழித்து விடுங்கள். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட அகலமாக, மொத்தம் மூன்று பூச்சு, பூச்சுக்கு ஒரு நாள் இடைவெளி. பன்னிரண்டு நாளில் ஒரு பகுதி இந்தப் பூச்சு காய்வதற்கே போனது. பையன்கள் இரண்டாம் பூச்சோடு பெயின்ட் அடித்துவிடலாம் என்றார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மூலையோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினேன், மேடு பள்ளம் அவ்வளவும் நிழலாக விழுந்தது. மூன்றாவதையும் பூசினார்கள்.

மூலை இரண்டும் இன்றுவரை அசையவில்லை. ஏப்ரல் வெயிலில் வேறு ஒரு இடத்தில் மயிரிழைக் கோடு வந்தது, போர்டு கூரையைத் தொடும் இடத்தில். எங்களுக்கு மேலே மொட்டை மாடி. பகலெல்லாம் காய்ந்து விரிந்து இரவில் சுருங்கும் கான்கிரீட்டோடு போர்டை முட்டி வைத்துக் காம்பவுண்டால் அடைத்திருந்தோம். அந்தக் கோட்டை 2 நூல் அகலத்துக்குக் கீறிப் பிரித்து, காம்பவுண்டுக்குப் பதில் பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட் வைத்து ஈர விரலால் தடவிவிட்டேன். மூன்று சுவருக்கும் மூன்று டியூப் ஆனது, அரை நாள் வேலை.